கடலுக்குள் ஓர் அடுப்படி

கரைக்கு அருகே பாறையில் மோதி மூழ்கிய சரக்குக் கப்பலில் அவர்தான் சமையல்காரர். உயிர் தப்பியவரைப் பார்த்து எல்லோரும் “பாவம்” என்று உச்சுக்கொட்டினார்கள். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. முக்குளிக்கக் கற்றுக்கொண்டு, ஒருநாள் முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டி, பயிற்சியாளரோடு அலைக்குள் இறங்கினார்.

“ஒரு தடவை பொழைச்சது போதாதா?” என்று கரையிலிருந்து கத்தினாள் மனைவி.

“அன்னைக்கு கடல் துரத்துச்சு, ஓடி வந்தேன். இன்னைக்கு நானாத்தான் போறேன்!”

ஆழம் அதிகமில்லை, வெயில் அடிவரை எட்டியது. கப்பலின் சமையலறை வாசலில் ஒரு கணம் தயங்கினார். ஆனாலும் திரும்பவில்லை. பாசி பிடித்த அடுப்பை ஓங்கித் தட்டிவிட்டுத்தான் மேலே வந்தார்.

“பார்த்தாச்சுல்ல? இனிமே வீட்டோட கிடங்க.”

“என் அடுப்புல மீனுங்க குடித்தனம் பண்ணுது. நான் சும்மா கிடப்பேனா?”

மறுநாளும் அவள் கத்தத்தான் செய்தாள். அவரும் போகத்தான் செய்தார்.