டாக்டர் போட்ட சடை

இன்று மத்தியானம் எங்கள் சலூனுக்கு ஆறு வயதுப் பாப்பா ஒருத்தி அம்மாவோடு வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து அக்கரையில் பாகான் டாலாமில் இருக்கும் வீட்டுக்குத் திரும்ப, ஃபெரி ஏறப் போகிற வழியில்.

இரண்டு வாரத்துக்கு முன்பு அவளுக்கு மூளையில் அறுவைச் சிகிச்சை. மொட்டை போட மனமில்லாமல், டாக்டரம்மாவே முடியைச் சின்னச் சின்னச் சடைகளாகப் பின்னி ஒதுக்கிவிட்டு, நடுவில் கிடைத்த வழியில் வேலையை முடித்திருக்கிறார்.

இன்று தையலைப் பிரித்து, தலைக்குக் குளிக்கலாம் என்றும் சொல்லிவிட்டார்களாம். பாப்பாதான் சடையைத் தொட விடவில்லை.

"அவுத்தா தலை தொறந்துக்கும்!"

"காலையிலேருந்து இதே பாட்டுதான். நீ கொஞ்சம் சொல்லு லா, தங்கச்சி," என்றார் அம்மா.

நானா? தலை அலசும்போது "தண்ணி சூடா இருக்கா?" என்பதற்கு மேல் யாரிடமும் பேசாதவள் நான்.

"சடை முடியைத்தான் புடிச்சிருக்கு. தலைய டாக்டர் நல்லா மூடிட்டாங்க," என்றேன் மெதுவாக.

"அக்கா டாக்டரா?"

"இல்ல. படிவம் மூணோட, பதினஞ்சு வயசுலயே ஸ்கூலை நிப்பாட்டிட்டேன்."

"அப்ப எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்வி. யோசித்தேன்.

"காலையில தையல் நூலை எடுத்தாங்களே, தலை தொறந்துச்சா?"

இப்போது அவள் யோசித்தாள். இரண்டு கைகளாலும் தலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணு மட்டும் அவுத்து விடுங்க," என்றாள்.

அவிழ்த்தேன். எதுவும் விழவில்லை. அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து நாற்காலி ஆன்ட்டியும் சிரித்துவிட்டார்.

அலசி, உலர்த்தி, தழும்பை இழுக்காமல் புதிதாகப் பின்னிவிட்டேன். கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா டாக்டர் போட்டது இன்னும் நேரா இருந்துச்சு லா."

மூளையையும் பார்த்துக்கொண்டு, சடையும் இவ்வளவு நேராகப் போட்டால் நாங்கள் எப்படிப் பிழைப்பது? நீங்களே சொல்லுங்கள்.