செய்தியில் இல்லாத கொலை

மீஞ்சூர் ரயிலடி டீக்கடையில் தினமும் காலையில் நாளிதழை உரக்கப் படிப்பது என் வழக்கம். எழுத்து தெரியாத மூட்டை தூக்கும் தொழிலாளர்கள் சுற்றி நின்று கேட்பார்கள். அன்று எங்கள் ஊர்ச் செய்தி ஒன்று வந்திருந்தது. கிணற்றில் இளம்பெண்ணின் பிணம். கணவர் முனுசாமியைக் காணவில்லை.

"அப்போ கொன்னுட்டு ஓடிட்டானா சார்?" என்று கோவிந்தன் என்ற தொழிலாளி கேட்டார்.

"பின்னே, வேற யாரு?" என்றேன்.

அடுத்த ரயிலிலேயே முனுசாமி வந்து இறங்கினார். "எங்கடா ஓடிப் பூட்டே?" என்று கோவிந்தன் அடுப்பு விறகால் முகத்தில் அடித்தார். நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். பல் உடைந்து விழுந்த பிறகும் உதைத்தார்கள். பின்னால் இறங்கிய பெரியவர் ஒருவர் முனுசாமியின்மேல் குப்புற விழுந்து கத்தினார்:

"அடிக்காதீங்கய்யா! என் பொண்ணக் காணோம்னு பள்ளிப்பட்டுல என் ஊட்டுக்கு வந்து தேடினவன்யா! இன்னா தப்பு பண்ணான்?"

அவள் இறந்தது இருவருக்குமே அப்போது தெரியாது.

தண்ணீர் எடுக்கப் போனவள் படியில் வழுக்கி விழுந்ததாக விசாரணையில் தெரிந்தது. முனுசாமிக்கு இடது கண் போய்விட்டது.

அந்த நாளிதழை எடுத்து மறுபடி பார்த்தேன். பிணம் கிடைத்ததும் உண்மை, கணவரைக் காணாததும் உண்மை. இரண்டையும் கொலையாக முடிச்சுப் போட்டது நான்தான்.

இப்போதும் படிக்கிறேன். "யாரு பண்ணான்னு போட்டுக்கிறானா சார்?" என்று கேட்டால், "போடலை" என்று சொல்லி, அதே செய்தியை முதலிலிருந்து படிக்கிறேன். "இன்னா சார், பேஜாரு பண்றீங்க" என்று சலித்துக்கொள்கிறார்கள். சலித்துக்கொள்ளட்டும்.