பாவுக்குக் கஞ்சி

“நூலைத் தந்துபோட்டு அரிசிய மறிச்சா, பாவுக்கு என்னத்தப் பூசுற? கண்ணீரையா?” என்று பாத்தும்மா என்மேல் பாய்ந்தாள், அரசாங்கமே நான்தான் என்பதுபோல. கைத்தறி வைத்திருக்கும் சகோதரிகளே, நம் தொழிலில் நூல் அறுவதைவிடப் பெரிய தொல்லை, யாராவது உதவி செய்ய வருவதுதான்.

உலக யுத்தத்தால் கடைகளில் நூல் இல்லை. என் வீட்டுக் கொட்டிலில் மூன்று தறி. அதில் ஒன்றில் ஆம்பிளைகள் இடுப்பில் உடுக்கும் சாரம் நெய்தால்தான் காத்தான்குடியில் பாத்தும்மா வீட்டு உலை கொதிக்கும். அரசாங்கம் நூல் தந்தது. நெய்ததை அவர்களுக்கே கொடுக்க வேண்டும். அவர்களுக்குப் பிடித்தால்தான் அடுத்த கட்டு நூல். ஆனால் பாவு நூலுக்குச் சோற்றுக் கஞ்சி பூசாவிட்டால் தறியில் ஏறியதும் அறுந்துபோகும். அரிசியோ கூப்பனுக்கு அளந்துதான், வயிற்றுக்கே போதாது.

சோறு தின்னும் நூல்

பாத்தும்மாவையும் இழுத்துக்கொண்டு மட்டக்களப்பில் நூல் தரும் அரசாங்கக் கந்தோருக்குப் போனேன். கன்னியாஸ்திரிகள் அடித்துப் படிப்பித்த இங்கிலீஷில் கஞ்சிக்குக் கொஞ்சம் உடைந்த குறுணல் அரிசி கேட்டேன். அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் கொஞ்சம் பருமன்.

“நூல் எவ்வளவு சோறு தின்னும், மிஸிஸ்?”

எண்ணெய்க் குறுணல்

குறுணல் வந்தது. சாக்கை அவிழ்த்தால் குப்பென்று மண்ணெண்ணெய். நாங்கள் களவாய்ச் சமைத்துத் தின்னாமலிருக்கக் கலந்து அனுப்பியிருக்கிறார்கள். ஊரில் பாதி வீடு இருட்டில் கிடந்த காலம் அது. வேறு வழியின்றி அதையே காய்ச்சிப் பூசினோம். பாத்தும்மா மூக்கை முக்காட்டால் மூடிக்கொண்டு கேட்டாள்:

“விளக்குக்கு எண்ணெ இல்ல எண்டாங்க. அரிசிக்கு மட்டும் எங்கால வந்த, அக்கா?”

மோப்பம்

சாரங்கள் நன்றாகத்தான் விழுந்திருந்தன. வாங்க வந்தவர் வேறொரு அதிகாரி. விரித்தார், முகர்ந்தார், தள்ளிவைத்தார். கழுவித் தருகிறோம் என்றோம், கழுவினால் பழந்துணியாம். உங்கள் அரிசியின் மணம்தானே ஐயா இது என்றேன்.

“அரிசி வேற பகுதி, அம்மா. நான் துணி மட்டும்தான்.”

அடுத்த கட்டு நூலும் நின்றது. ஆக, நாங்கள் அரிசியைத் தின்றுவிடுவோம் என்று பயந்த அரசாங்கம், கடைசியில் பாத்தும்மாவின் சோற்றையே தின்றது.

அதிகாரி காரில் ஏறும்போது அவள் வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“சேர், நூல மட்டும் தாங்க. கஞ்சிக்கு எங்கட சோத்துல மிச்சம் புடிக்கிறம்.”

கார் மட்டக்களப்புக்குப் போகும் வழியில் நாவற்குடாப் பக்கம் திரும்பிவிட்டது.