சத்தம் போடும் மோட்டார்

என் வீட்டுக்காரருக்கு ஆபீஸில் வைத்திருக்கும் பெயர் கப்சிப். அவர் பேசாதவர் என்று நினைத்துவிட வேண்டாம், ஆரம்பித்தால் என் காது புளித்துவிடும். அவர் வடிவமைக்கிற மோட்டார்கள்தான் வாயைத் திறக்காது. மிக்ஸிக்கும் ஃபேனுக்கும் மோட்டார் செய்வதென்றால் முகத்தைச் சுளிப்பார். கடலுக்கடியில் திரும்புகிற கேமராவுக்கு ஒன்று, பல் டாக்டரின் கருவிக்கு ஒன்று என்று ஒரே ஒரு வேலைக்காகப் பிறக்கிற மோட்டார்தான் வேண்டும். ஸ்க்ரூடிரைவர் நுனியை மோட்டார் மேல் ஊன்றிப் பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். லேசாக முனகினாலும் பிரித்துப் போட்டுவிடுவார். வீட்டில் நான் முனகினால் மட்டும் அந்தக் காதில் விழாது.

அவருடைய அக்கா அடுத்த தெருவில் இருக்கிறார். நாத்தனார்தான், ஆனால் தங்கமான மனுஷி. அவரை அண்ணி என்றும், அவர் கணவரை அண்ணன் என்றும்தான் நான் கூப்பிடுவேன். அண்ணனுக்கு நுரையீரல் கெட்டுப்போய், படுத்தால் மூக்கில் குழாய் வேண்டும். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கிற மெஷின் கட்டில் பக்கத்தில் நிற்கும். அரதப்பழசு. கரண்ட் நின்றால் அடிக்க வேண்டிய அலாரம் எப்போதோ செத்துப்போயிருந்தது. மெஷின் போட்ட இரைச்சல் வாசல்வரை கேட்டதால் யாரும் அதைச் சட்டை செய்யவில்லை.

"மாவு மில்லுக்குள்ள படுத்த மாதிரி இருக்கு மாப்ளே" என்று ஒருநாள் அண்ணன் சொல்லித் தொலைத்தார்.

இவருக்குக் கேட்கவா வேண்டும்? லீவு போட்டு உட்கார்ந்துவிட்டார். சுழலுகிற உருளையில் காந்தங்களை நேராக ஒட்டினால் வெட்டி வெட்டி இழுத்து உறுமுமாம், கொஞ்சம் சாய்த்து ஒட்டினால் வழுக்கிக்கொண்டு போகுமாம். சோறு வைத்துக்கொண்டே நானும் கேட்டேன். புது மோட்டாரை அந்தப் பழைய மெஷினில் மாட்டி ஓடவிட்டபோது அண்ணி சமையலறையிலிருந்து கையைத் துடைத்தபடி வந்தார்.

"ஓடுதாடா, இல்லையா?"

"அதான்க்கா விஷயமே."

"நான் உள்ள வேலையா இருந்தா எப்படிடா தெரியும்?"

"சும்மா நைநைன்னு அரிக்காதக்கா."

அண்ணன் இவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடாத குறைதான். அந்தச் செத்த அலாரம் ஒருவர் ஞாபகத்துக்கும் வரவில்லை.

சில வாரம் நன்றாகத்தான் போயிற்று. ஒரு மத்தியானம் அண்ணன் தூங்கும்போது சுவரிலிருந்து பிளக் நழுவிவிட்டது. அண்ணி பக்கத்து அறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். டீயோடு போய் எழுப்பினால் உதடு நீலம் பாரித்துக் கிடக்கிறது. உயிர் தப்பியது பெரும்பாடு. ஆனால் ஒரு கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, நாக்கும் பாதி போயிற்று.

இவர் ஓடிப்போய்ப் புது அலாரம் மாட்டிக் கொடுத்தார். அதன் பிறகு அந்தத் தெருப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. ஸ்க்ரூடிரைவரைக் கண்டாலே முகம் செத்துவிடும்.

"அக்கா ஒரு வார்த்தை திட்டலடி. ரெண்டு அறை விட்டிருந்தா தேவலை. கேட்டாளே, எப்படித் தெரியும்னு கேட்டாளே. வாயை அடைச்சேனே."

எனக்குப் பாவமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. "இங்க உக்காந்து புலம்பினா ஆச்சா? போய் அவங்க மூஞ்சியப் பாருங்க" என்று கையோடு இழுத்துக்கொண்டு போனேன்.

அண்ணி திட்டவில்லை. தம்பிக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"எனக்கு அந்தப் பழைய சத்தம் வேணும்டா."

"அதான் அலாரம் இருக்கேக்கா."

"அது நின்னப்புறம்தானே அடிக்கும்? ஓடுது ஓடுதுன்னு யாரு சொல்லுவா? குழம்பைக் கிண்டுறதுக்குள்ள எத்தனை தடவை எட்டிப் பாக்கிறேன் தெரியுமா?"

வீட்டுக்கு வந்ததும் இவர் மேஜையைத் துடைத்து உட்கார்ந்தார். வாழ்நாளெல்லாம் சாய்த்து ஒட்டிய மனிதர், காந்தங்களை நேராக ஒட்டினார்.

அண்ணி வீட்டுக்குக் கொண்டுபோய் மாட்டி ஓடவிட்டதும் மெஷின் உறுமியது. அண்ணி சமையலறைக்குப் போய் நின்று பார்த்தார். "கேக்குது" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார். கட்டிலில் அண்ணன் உதட்டைக் கோணி, வார்த்தையைத் தேடித் தேடிப் பிடித்தார்.

"மா...வு மில்லு... வந்தாச்சா... மாப்ளே?"

அண்ணி சிரித்தார், எனக்கும் சிரிப்பு வந்தது. இவர் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். அழுவது வெளியே கேட்கக் கூடாதென்று குழாயை முழுசாகத் திறந்துவிட்டார். கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

அண்ணி போய்க் கதவைத் தட்டினார்.

"டேய், குழாயை மூடு. மெஷின் சத்தம் கேக்க மாட்டேங்குது."