என் நைலான் நூலும் அவள் வேப்பங்குச்சியும்

பொறாமை என்று நேராகவே எழுதிவிடுகிறேன். வேறு பெயர் வைத்து மூடி மறைக்கிற வயதெல்லாம் எனக்குத் தாண்டிவிட்டது. முப்பது வருடம் அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். யாங்கூனில் எங்கள் தமிழ்ச் சனம் இன்றைக்கும் என்னை 'சயாமா' என்றுதான் கூப்பிடும். டீச்சரையும் நர்ஸையும் பர்மியர்கள் மரியாதையாகக் கூப்பிடுகிற சொல் அது. மரியாதைக்குக் குறைச்சலே இல்லை. நான் சொல்வதைக் கேட்கத்தான் ஆள் கிடையாது.

பொறாமைப்பட்டது ஒரு பூக்காரியைப் பார்த்து. க்யிம்யிண்டைங் சந்தையில் பூக்கட்டி விற்கிறவள், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். அப்பா தமிழர், அம்மா த்வாண்டே பக்கத்தில் ஒரு கரென் இனக் கிராமத்துக்காரி. எங்கள் அம்மன் கோயில் தீமிதிக்கு விரதம் இருக்கிறவர்களை அவள்தான் நடத்துகிறாள். காப்புக் கட்டுவது பூசாரி என்றாலும், யாருக்குக் கட்டலாம், யாருக்குக் கூடாது என்பது அவள் வாயிலிருந்துதான் வரவேண்டும். அவள் சொன்னால் பத்து நாள் பட்டினிகூடக் கிடப்பார்கள். நான் காலையில் தின்கிற மோகிங்கா மீன் நூடுல்ஸில் எண்ணெயைக் குறையுங்கள் என்றால் சிரிப்பார்கள்.

என் வீட்டுக்காரர் படகுத்துறையில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். தீமிதியில் எப்போதும் முதல் ஆள். பல வருடமாகச் சர்க்கரை வியாதி. "எறங்குனா சூடே தெரியல, எல்லாம் அம்மா அருள்" என்பார். ஊரும் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டது. அது அருளில்லை, சர்க்கரையில் பாதம் மரத்துப்போனது என்று எனக்கு மட்டும் தெரியும்.

போன வருடம் தீமிதிக்கு மறுநாள் படுக்கை விரிப்பில் ஈரம் கண்டு அவர் காலைத் திருப்பிப் பார்த்தேன். இடது பாதத்தில் பெரிய கொப்புளம், உடைந்திருந்தது. மனுசனுக்குத் தெரியவே இல்லை. எங்கள் சனத்தில் தீ மிதித்துக் கொப்புளம் வந்தால் விரதத்தில் குறை என்று அர்த்தம். அதனால் யாரும் வெளியே காட்ட மாட்டார்கள். இவர் என் தலையில் கையை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். கதவைச் சாத்திக்கொண்டு மூன்று மாதம் கட்டுப் போட்டேன். விரலை எடுக்க வேண்டி வரும் என்று பயந்து பயந்துதான் அந்தக் காலைக் காப்பாற்றினேன். இன்னொரு முறை அந்தக் கால் நெருப்பில் இறங்கினால் மிஞ்சாது.

சத்தியத்தை மீறாமல் ஊருக்கே பொதுவாகச் சொல்லிவிடலாம் என்று கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டேன். அழுகின கால்களின் படங்களைத் திரையில் காட்டினேன். நைலான் நூலால் உள்ளங்காலைத் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி என்று செய்து காட்டினேன். மூன்றாவது படத்திலேயே பாதிப்பேர் சாப்பாட்டுப் பந்திக்கு எழுந்து போனார்கள். என் வீட்டுக்காரர் முதல் பந்தியில் உட்கார்ந்தார். செவிடன் காதில் ஊதின சங்குதான். கடைசி வரை இருந்தது அந்தப் பூக்காரி ஒருத்தி.

இந்த வருடம் காப்புக் கட்டுக்கு ஒரு வாரம் முன்னால் அவள் என் வீட்டுக்கு வந்தாள்.

"சயாமா, அன்னிக்கு நீங்க நூலு வச்சுக் காட்டுனீங்கல்ல, அதைக் காப்புக்கு முன்னாடி வேப்பங்குச்சில செய்யலாம்னு இருக்கேன். தொட்டது தெரியாதவங்க குழில எறங்க வேணாம். எங்கம்மா ஊர்ல நர்சு நேரா வீட்டுக்குள்ள வராது. மொதல்ல பெரியவங்ககிட்ட உக்காந்து பேசும். அறுப்பு விருந்துல அவங்க வாயால சொல்லுவாங்க, அப்பத்தான் கரென் சனம் கேக்கும். நம்ம சனமும் அப்புடித்தானே. நீங்களே வந்து தொட்டுப் பாருங்க சயாமா, நான் பக்கத்துல நிக்கிறேன்."

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வயிறு எரிந்தது. நான் படித்துத் தேர்ந்த வித்தையை வேப்பங்குச்சியில் செய்வதாம், அதுவும் அவள் பக்கத்தில் நின்றால்தான் எடுபடுமாம்.

"அன்னிக்கு எனக்கு வேலை இருக்கு" என்றேன்.

"கெய்ஸ மஷிபு" என்றாள். பரவாயில்லை என்பதற்கு அவளுக்குத் தமிழ் வராது. ஒரு முழம் பூவை வைத்துவிட்டுப் போனாள். அதை நான் தலையில் வைக்கவில்லை.

ஒரு வேலையும் இல்லை. காப்பு அன்று கோயிலில் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அம்மன் முன்னால் பாய் விரித்து ஒவ்வொருவராக உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லிக் குச்சியால் தொட்டாள். "தெரியுது", "பெருவெரலு", "குதிங்காலு" என்று சொல்லிச் சொல்லி எழுந்து போனார்கள். முகம் சுளிக்க ஓர் ஆள் இல்லை. என் வீட்டுக்காரர் முறை வந்தது. புண் ஆறினபிறகு வீட்டில் செருப்பைக் கழற்றி எனக்குக் காட்டாத காலை அவளிடம் ராஜா மாதிரி நீட்டினார். இடது பாதத்தில் நாலு இடம் தொட்டாள். அவர் கண்ணைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இன்னும் ஆரம்பிக்கலையா தங்கச்சி?" என்றார்.

இத்தனை பேர் முன்னால் அவமானப்பட்டு, வீம்புக்கே நெருப்பில் இறங்கிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

அவள் அந்தப் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "அண்ணே, இது எறங்குன வரைக்கும் போதும்னு அம்மா சொல்லிட்டா. இனிமே நீங்க பால்குழிகிட்ட நில்லுங்க. நெருப்ப விட்டு வர்ற அத்தனை காலையும் நீங்கதான் கழுவி, பாத்து அனுப்பணும்."

அவர் தலையாட்டினார். நான் அழுது, கத்தி, ஒரு தரம் தட்டைக்கூட விட்டெறிந்து கேட்காத தலை அது.

தீமிதி அன்று குழியை விட்டு வந்தவர்களின் பாதத்தை ஒவ்வொன்றாக மடியில் வைத்துத் துடைத்தார். "வெரல் இடுக்குல ஈரம் நிக்கக் கூடாது. வெறுங்கால்ல நடக்காத. கொப்புளம் கண்டா மறைக்காத, நேரா சயாமாகிட்ட போ." கடைசி வார்த்தையைத் தவிர மற்றதெல்லாம் அந்த மூன்று மாதமும் நான் அவர் காலடியில் உட்கார்ந்து சொன்னது, சொல் மாறாமல். ஒருவர் கேட்டார், இதெல்லாம் எங்கே படித்தீர்கள் என்று.

"நம்ம பூக்காரத் தங்கச்சி சொல்லிக் குடுத்துச்சு" என்றார்.

பக்கத்தில் பால் குடத்தோடு நின்றிருந்தேன். குடத்தை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன், அம்மன் பார்த்துக்கொண்டிருந்ததால் விட்டேன். உள்ளூர் மாடு விலை போகாது என்பார்கள். ஒரே வீட்டு மாடு என்றால் கேட்கவே வேண்டாம். அவளோடு அன்று போய் நின்றிருந்தால் என் பெயரையும் சொல்லியிருப்பாளே என்று நினைத்தபோது கோபம் என் பக்கமே திரும்பியது.

மறுநாள் காலை டீ குடித்துவிட்டு, அவராகவே நாற்காலியை என் எதிரில் இழுத்துப் போட்டு, இடது காலைத் தூக்கி என் மடியில் வைத்தார்.

"தெனமும் பாக்கச் சொல்லிச்சு தங்கச்சி" என்றார்.

மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். பாதத்தில் ஒரு கீறல் இல்லை. விரல் ஐந்தையும் ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தேன். பிறகு, அவருக்குத் தெரியாது என்ற தைரியத்தில், உள்ளங்காலில் நகத்தால் அழுத்தி ஒரு கிள்ளு கிள்ளினேன்.