எழும்பாதீங்கோ டீச்சர்

நவமணி அன்ரியின் மகள் சுமதி தொலைபேசி எடுத்தபோது நான் காலி வீதியில் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். வெள்ளவத்தையில் ஒரு வகுப்பு. வழக்கம்போல நேரம் பிந்திவிட்டது. "அம்மா மோசம் போயிட்டா டீச்சர். நித்திரையிலேயே உயிர் போயிட்டுது" என்றார். அடுத்த தரிப்பில் இறங்கிவிட்டேன். வகுப்புக்குப் போவதா, கொட்டாஞ்சேனையில் அவர்கள் வீட்டுக்குத் திரும்புவதா என்று தெரியாமல் கடைகளுக்கு முன்னால் அங்குமிங்கும் நடந்தேன். அவர் எழுதிய சாதாரணதரப் பரீட்சையின் பெறுபேறு இன்னும் வரவில்லையே, அதற்குள் இந்த மனுசிக்கு என்ன அவசரம் என்று முதலில் கோபம்தான் வந்தது.

இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலருக்கு அவர் அக்கா, மாமி, சித்தி. எனக்கு அவர் மாணவி, என்னைவிட இருபது வயது மூத்த மாணவி. வீடுவீடாகப் போய், ஒரு பிள்ளையை ஒரு மேசையில் தனியாக வைத்து எல்லாப் பாடமும் படிப்பிப்பது என் தொழில். அறுபது வயதுக்காரர் ஒருவர் ஆறு பாடம் படித்துப் பரீட்சை எழுதப் போவதாகச் சொன்னபோது, பொழுதுபோகாமல் கூப்பிடுகிறார் என்றுதான் நினைத்தேன்.

முதல் நாளே ஏன் என்று கேட்டேன். சாப்பாட்டு மேசையைத் தட்டிக் காட்டினார். "மூண்டு பிள்ளைகளுக்கும் இதிலதான் ரியூஷன். நான் ரீ ஊத்திக் கொண்டுவந்து வச்சிட்டுக் குசினி அடுப்படிக்குப் போயிடுவன். பதினைஞ்சு வருஷம் இந்த மேசையில என்ன நடந்தது எண்டு எனக்குத் தெரியவேணும் டீச்சர்" என்றார். அவருடைய பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு நின்றுபோயிருந்தது. கணிதம் சித்தியடைய வேண்டும், மற்றவை எப்படிப் போனாலும் பரவாயில்லை என்றார்.

அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். நாளுக்கு ஒரு பாடம். முடிவில் அவர் எனக்கு அதைத் திருப்பிப் படிப்பிக்க வேண்டும். நான் பையைத் தூக்குவேன். அடுத்த பிள்ளை காத்திருக்கும், பஸ்ஸில் இடம் கிடைக்காது, எனக்குக் கால் தரையில் நிற்காது. "எழும்பாதீங்கோ டீச்சர். நான் இன்னும் படிப்பிக்கேல்லை" என்பார். சொல்லத் தொடங்கி நடுவில் சிக்கிக்கொண்டால் தானே தீர்ப்பும் சொல்வார்: "இண்டைக்கு முன்னேற்றம் இல்லை. நாளைக்கும் இதுதான்." நாங்கள் பெற்றோருக்குச் சொல்லும் 'பரவாயில்லை, நல்லாச் செய்யிறா' என்ற பூச்சு அவரிடம் எடுபடாது.

விஞ்ஞானத்தில் மின்சுற்றைப் படிப்பிக்க என்னை எழுப்பிக் குசினி வரைக்கும் கூட்டிப் போனார், சுவிட்சைப் போட்டுக் காட்டுவதற்கு. வரலாற்றில், "இந்த ராசாக்களுக்குக் குளம் கட்டுறதை விட்டா வேற வேலையே இல்லையோ" என்று என்னோடு சண்டை. ஆங்கிலத்தில் மட்டும் வாயைத் திறக்க வெட்கப்பட்டார். கணிதத்தில்தான் எத்தனையோ நாள் முன்னேற்றம் இல்லாமல் போனது. கூட்டு வட்டியில் வாரக்கணக்காக நின்றோம். அதை விட்டுவிட்டு வேறு கேள்வி பார்ப்போம் என்றால் கேட்கமாட்டார். பொறுமை இழந்து நான் முழுக் கணக்கையும் செய்து காட்டினால், கொப்பியை மூடிவிட்டு, "அது நீங்கள் செய்தது" என்பார்.

சுமதிக்கு இது பிடிக்கவில்லை. வங்கியில் வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றும்போதே, "இந்த வயசில உங்களுக்கு ஏனம்மா இந்த டென்ஷன்" என்பார். அம்மா தலை நிமிர மாட்டார். ஒருநாள் மாலை சுமதி வந்ததும் நேரே குசினிக்குள் போனார். இரண்டு கோப்பை ரீயைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். அன்ரி கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கிவிட்டது. பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு, "வட்டியைப் பாப்பம்" என்றார்.

அன்றைக்குத்தான் அது அவருக்கு விளங்கியது. எனக்குப் படிப்பித்தது இப்படி: "போட்ட காசு தாய், வட்டி மகள். முதல் வருஷம் தாய் மட்டும் வேலைக்குப் போறா. அடுத்த வருஷம் மகளும் சேர்ந்து போறா. மூண்டாம் வருஷம் மகளின்ர மகளும். ஒருத்தரும் வீட்டில சும்மா இருக்கேல்லை. அவ்வளவுதான் டீச்சர்." அப்படி ஒரு விளக்கத்தை நான் எந்தப் பிள்ளைக்கும் சொன்னதில்லை.

பரீட்சை மண்டபத்தில் அவரை மேற்பார்வையாளர் என்று நினைத்துப் பிள்ளைகள் எழும்பி நின்றார்களாம். சிரித்துச் சிரித்துச் சொன்னார். வட்டிக் கணக்கு வந்ததென்றும் செய்துவிட்டதாகவும் சொன்னார். அதன் பிறகு சரியோ பிழையோ என்று ஒவ்வொரு நாளும் தொலைபேசி.

பெறுபேறு இந்த வாரம் வந்தது. அவருடைய பரீட்சைச் சுட்டெண் எனக்கு மனப்பாடம். தனியாகப் பார்க்க மனம் வராமல் கொட்டாஞ்சேனைக்குப் போய், அதே மேசையில் சுமதியோடு இருந்து பார்த்தேன். ஆங்கிலம் கைவிட்டிருந்தது. மற்ற ஐந்தும் சித்தி. கணிதம், சாதாரண சித்தி.

இரண்டு பேரும் அழுதோம். பிறகு என் வழக்கப்படி பையைத் தூக்கினேன். வெள்ளவத்தையில் பிள்ளை காத்திருந்தது.

"இருங்கோ டீச்சர்," என்றார் சுமதி. "அந்த வட்டிக் கணக்கை அம்மா எப்பிடிப் படிப்பிச்சவ எண்டு சொல்லிப்போட்டுப் போங்கோ."

வங்கியில் இருப்பவருக்கு வட்டி தெரியாதா? பையைக் கீழே வைத்தேன். முதல் வருஷம் தாய் மட்டும் வேலைக்குப் போறா என்று தொடங்கினேன். சுமதி கையைக் கட்டிக்கொண்டு கடைசி வரைக்கும் கேட்டார்.

நவமணி அன்ரியிடமிருந்து என்னிடம் தங்கியது அவருடைய சட்டம்தான். இப்போது எந்த வீட்டிலும் பாடம் முடிந்தவுடன் நான் எழும்புவதில்லை. "இனி நீங்க எனக்குப் படிப்பியுங்கோ" என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டு இருக்கிறேன். மேசைக்குக் கீழே கால் இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது.