அண்ணன் வீட்டு ரத்தம்

என் அப்பா வாழ்நாளில் ஒரு பீடி பற்ற வைத்ததில்லை. அவரோடு ஒரே கேஜ் கூண்டில் கோலார் தங்கச் சுரங்கத்தில் இறங்கி, ஒரே ஆழத்து லெவலில் பாறை துளைத்த பக்கத்து வீட்டுக்காரர் கட்டுக் கட்டாக ஊதித் தள்ளினார். தொண்ணூறுகளின் நடுவில் நுரையீரலில் புற்றுநோய் வந்தது என்னவோ அப்பாவுக்குத்தான். அந்த மனுஷன் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அவர் செய்த குற்றம் சாகாமல் இருந்ததுதான்.

ஏன் இப்படி என்று அம்மா பெங்களூர் டாக்டரிடம் கேட்டாள். அவர் பொறுமையாகவே சொன்னார்: தூசு எல்லோர் நெஞ்சிலும்தான் போகிறது, சிலருக்கு அதைத் தாங்கும் சக்தி பிறவியிலேயே குறைவு. அது குடும்ப வழியாகக் கொஞ்சம் வரலாம், வராமலும் போகலாம். பிள்ளைகள் புகைக்காமல் இருக்கட்டும், பயப்பட வேண்டாம். கூட வந்திருந்த அத்தை, அப்பாவின் சொந்தத் தங்கை, இதில் பாதியை மட்டும் பாலகாட் மைன்ஸிலிருந்த தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

அத்தை மகனுக்கு என் அக்கா என்பது சின்ன வயதிலேயே பேசி முடித்தது. கோலாரில் நாங்கள் இருந்த மைசூர் மைன்ஸில், எங்கள் லைன் வீடுகளில் யாரைக் கேட்டாலும் அவளை அந்த வீட்டு மருமகள் என்றுதான் சொல்வார்கள். அக்காவும் அந்த நினைப்பிலேயே வளர்ந்தாள்.

அப்பாவின் காரியம் முடிந்த சில வாரங்களில் அத்தை வந்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி. டாக்டர் சொன்னத நீங்களும்தான் கேட்டீங்க. அண்ணன் ரத்தத்துல அது கீது. நாளைக்கு என் பேரப் பிள்ளைங்களுக்கு வந்தா இன்னா பண்றது?"

"அண்ணன் ரத்தம்னு சொல்றியே, உன் ஒடம்புல ஓடுறது யாரு ரத்தம்மா?" என்றாள் அம்மா. "ரெண்டு பேரும் ஒரே வயித்துல பொறந்தவங்கதானே?"

"நான் கட்டிக்கினு போய்ட்டவ அண்ணி. இப்ப நான் அந்த வூட்டு ஆளு."

தாலி ஏறியதும் பெண்ணுக்குக் குலதெய்வம் மாறுகிறதல்லவா, ரத்தமும் மாறிவிடும் என்பது அத்தையின் கணக்கு. உண்மையில் நம்பினாளோ, நம்புவது வசதி என்று நம்பினாளோ, எனக்குத் தெரியாது. மகனுக்குப் பேத்தமங்களாவில் அந்நியத்தில் பெண் எடுத்தாள். கல்யாணப் பந்தலுக்குப் பின்னால் மாப்பிள்ளை சிநேகிதர்களோடு நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் எனக்கும் ஒரே தாத்தா. அவன் ரத்தத்தைப் பற்றி அங்கே யாரும் வாய் திறக்கவில்லை.

பிறகு வந்த வரன்களெல்லாம் முதலில் கேட்டது, அப்பா எதில் செத்தார் என்பதைத்தான். சொன்னால் காபி குடித்துவிட்டுப் போனார்கள், திரும்பி வரவில்லை. கடைசியில் வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்களிடம் அம்மா கண் கலங்காமல் சொன்னாள்: "சுரங்கத்துல பாறை விழுந்து போய்ட்டாருங்க."

அதற்கு அவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். கல்யாணம் நடந்தது. அக்கா இன்றைக்கும் புகுந்த வீட்டில் அப்பாவை நினைத்து அழுதால், பாறை விழுந்து செத்தவருக்காகத்தான் அழ வேண்டும்.